உயிர்வேதியியல் கற்றபின்

பூம்புகாரை அடுத்த ஊர்களினின்று கல்லூரிக்கு வரும் மாணவருட் பலர் உழவர் குடியினர். அவருள் உயிர்வேதியியல் பயில்வாரை நோக்கி, "இதைப் படித்தால் என்ன உத்தியோகம்?" என வீட்டார் வினவுவர். தமிழ் பயிலும் நமக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கெனின், அவ்வினாவிற்கு விடையறியாது கலங்கும் நண்பரோடு விடுதியில் உடனுறைபவர் நாமன்றோ!

விடையின் ஒரு பகுதி நம் நெற்களத்திலேயே கிடக்கின்றது. குறுவை அறுவடை மழையில் அகப்படின் நெல் ஈரங்கொள்ளும். ஈரநெல் உயிர்ப்பு மிகுந்து வெப்பமுறும். நொதிகள் மாவுப்பொருளைச் சிதைக்க, குவியலிலேயே முளை காணும். இத்தகைய இடரைத் தீர்க்கவே 1967-இல் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. அது பின்னர்த் தஞ்சைக்குப் பெயர்ந்து, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனமாக விளங்குகின்றது. பெயர் நீண்டதாயினும் தொழில் நம் களத்துத் தொழிலே.

புழுங்கலரிசியை நோக்குக. நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால் தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியினுட் புகுதலின், தீட்டினும் முற்றும் நீங்காது. தீட்டிய பச்சரிசியையே உண்டு வாழ்ந்தாரைப் பெரிபெரி நோய் வருத்திற்று. ஜாவாவில் கோழிகளைக் கொண்டு இதனை ஆய்ந்த ஐக்மன் 1929-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். நம் பாட்டிமாரோ பரிசு கருதாமலே நெல் அவித்தனர்! தவிடும் அவ்வாறே, அரைத்த சிறிது பொழுதில் நொதியால் காறலெடுக்கும். உடன் வெப்பமூட்டி அதனை அடக்கினாலன்றி நல்லெண்ணெய் போல் உண்ணத்தக்க தவிட்டெண்ணெய் கிட்டாது. ஆலைகளிலும் உணவுப் பரிசோதனைச் சாலைகளிலும் இவ்வறிவுடையார்க்கு வேலையுண்டு.

ஈண்டு ஒன்று வற்புறுத்த வேண்டும். இப்பட்டம் பெற்றாலே மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இடங்கிடைக்கும் எனப் பெற்றோர் பலர் நம்பியிருக்கின்றனர். அப்பணிக்குப் பெரும்பாலும் மருத்துவ ஆய்வுக்கூடப் பயிற்சிக்குரிய தனிப் பட்டயமோ பட்டமோ கேட்பர். மூன்றாண்டு கழிந்தபின் இதனை அறிதல் பெருந்துயர். நம் நண்பரொருவர் அவ்வாறே அறிந்தார். ஆசிரியப்பணி நாடுவோரும் தம் பட்டம் எப்பாடத்திற்கு ஏற்கப்படும் என்பதை முன்னரே கேட்டறிக.

மேற்படிப்பிற்குச் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் திருச்சிப் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் அணித்தே உள. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இத்துறை 1921-இலேயே தோன்றியது. முதுநிலைக்குப்பின் நெட் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குரிய இடம் பெறுவோர், வீட்டாரிடம் கையேந்தாமல் ஆராய்ச்சி செய்யலாம். கடன்பட்ட குடியினர்க்கு இது சிறு செய்தியன்று.

பெரிய கழகங்கட்குரிய ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடைபெறுவது. விண்ணப்பமோ புரட்டாசியை ஒட்டியே முடிந்துவிடும். குறுவை அறுப்பும் அந்நாட்களிலேயே வருதலின், ஊர் செல்வோர் விண்ணப்பத்தை முடித்தபின் வண்டியேறுக.