மருந்து அடித்த பந்தலும் நமது தோலும்

மருத்துவ உதவி கேட்டு அண்மையில் நமது அறக்கட்டளைக்கு வந்த ஒரு தாயின் கைகள் முழங்கை வரை சிவந்து தடித்திருந்தன. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்ட வேலை. "மருந்து அடிக்கிறது ஆம்பளைங்கதானே, நான் அதைத் தொடுறதே இல்லையே" என்றார். இதை எழுத வைத்தது அந்தப் பேச்சுதான்.

பூச்சிமருந்து மூச்சு வழியாகத்தான் உள்ளே போகும் என்று நம்மில் பலர் மூக்கில் துண்டைக் கட்டுவதோடு நிறுத்திவிடுகிறோம். தோட்ட வேலையில் அது பெரும்பாலும் தோல் வழியாகவே போகிறது. எல்லா இடத்துத் தோலும் ஒன்றல்ல. பாரத்தியான் என்ற மருந்தை வைத்து அமெரிக்காவில் நடந்து 1971இல் வெளியான ஆய்வில், முன்கையில் பட்டதில் சுமார் 9 சதவீதமே உள்ளே போனது. நெற்றியிலும் தலைத்தோலிலும் பட்டதில் மூன்றில் ஒரு பங்கு போனது. திராட்சையோ தலைக்கு மேலே பந்தலில் காய்க்கிறது. நிமிர்ந்த முகத்திலும் கழுத்திலும்தான் சொட்டுகிறது, இலை உரசுகிறது.

அடிப்பவருக்கு மட்டுமா ஆபத்து? 1963இல் கலிபோர்னியாவில் பீச் பழம் பறித்தவர்கள் பலர் நஞ்சேறி விழுந்தார்கள். அவர்கள் மருந்து அடித்தவர்கள் அல்லர். முன்பு அடித்த பாரத்தியான் இலையில் படிந்து, அதைவிடக் கொடிய பாராக்சானாக மாறியிருந்தது.

ஆகவே கொடி கட்டவும் குலை வெட்டவும் போகும் பெண்கள், கடைசியாக என்றைக்கு என்ன மருந்து அடித்தது என்று தோட்டக்காரரிடம் கேட்க வேண்டும். கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் எங்களுக்கும் தெரியும். நான்கு பேராகச் சேர்ந்து கேளுங்கள். ரப்பர் கையுறை போடுங்கள். துணி உறை மருந்தை உறிஞ்சித் தோலோடு வைத்துக்கொள்ளும், அது வெறுங்கையை விட மோசம். உளூச் செய்வதால் முகமும் கையும் காலும் நனையும், கழுத்தும் மீதி உடம்பும் அப்படியே இருக்கும். சோப்புப் போட்டுக் குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். தோட்டத்துத் துணியை வீட்டுத் துணியோடு ஊறப்போடாதீர்கள்.

டப்பாவில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்புதான் மிகக் கொடியது. அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சையும் மருந்துதான்.

தலைசுற்றல், அதிக வியர்வை, எச்சில் ஊறல், கண் மங்கல் வந்தால் வெயில் என்று படுக்கவைக்காதீர்கள். துணியைக் கழற்றி, சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மருந்து டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் அதற்கேற்ற முறிவை டாக்டர் உடனே கொடுக்க முடியும்.