முதல் நாளிலேயே மடியேறும் குழந்தை

கேள்வி: உகாண்டாவின் அநாதை இல்லங்களுக்குக் குறுகிய கால ஊழியத்துக்காகச் செல்லும் கிறிஸ்தவக் குழுவினரிடம் குழந்தைகள் முதல் நாளே ஒட்டிக்கொள்வது ஏன்?

பதில்: குறுகிய கால ஊழியம் என்பது ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒரு சபையார் குழுவாகச் சென்று பாடல், விளையாட்டு, வேதபாடம் ஆகியவற்றை நடத்தித் திரும்பும் பயணமாகும். எண்டெபே விமான நிலையத்தில் இறங்கி இல்லத்தின் வாசலை எட்டியதும், 'முசுங்கு' (வெள்ளையரைக் குறிக்கும் கிழக்காப்பிரிக்கச் சொல்) என்று கூவியபடி ஓடிவந்து மடியேறும் பிள்ளைகளின் செயலை அன்பின் பெருக்காகவே விருந்தினர் பெரும்பாலும் கொள்கின்றனர். ஆனால் பிரித்தானிய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி வகுத்த பற்றுறவுக் கோட்பாடு, அதாவது தன்னைத் தொடர்ந்து பேணும் ஒருவரோடு குழந்தை கொள்ளும் பிணைப்பைப் பற்றிய விளக்கம், இதனை வேறு விதமாகப் பார்க்க வைக்கிறது. நிலையான பராமரிப்பாளர் வாய்க்காத குழந்தைகளுள் சிலர் அறிமுகமற்றவரிடமும் வேறுபாடின்றி நெருங்குவர் என்பதும், குழுக்கள் மாறி மாறி வந்து பிரிவது பிணைப்பின் இழப்பை மீண்டும் மீண்டும் நிகழ்த்தக்கூடும் என்பதும் ஆய்வாளர் கருத்து. இவ்வில்லங்களில் வாழ்வோருள் பலருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதும், வறுமையும் பள்ளிக்கட்டணமுமே அவர்களை அங்கே சேர்த்திருப்பதும் 'அநாதை' என்னும் சொல்லையே ஐயத்துக்குரியதாக்குகின்றன. எனவே, முதல் நாட்களைக் குழந்தைகளோடு அல்லாமல், அங்குள்ள பராமரிப்பாளர்களோடு பேசுவதில் செலவிடும் குழு ஓரளவு விவரமறிந்ததெனலாம். அத்தகைய குழுக்களின் படங்கள்தாம் சபை அறிக்கைகளில் அவ்வளவாகக் கவர்ச்சி பெறுவதில்லை.