ஜார்ஜ் டவுனில் ஒரு மழை நாள்

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நண்பர்கள் அறுவரும் எங்கள் ஆசிரியருமாகப் பினாங்குத் தீவைக் காணப் புறப்பட்டோம். "மழை மாதத்தில் சுற்றுலாவா?" என்று வீட்டுப் பெரியோர் கேட்டனர். எனினும், வேறு நாள் வாய்க்கவில்லை. எங்களுள் ஒருவன் ஊன்றுகோலின் துணையால் நடப்பவன். அவனுக்கு இப்பயணம் கடினமாகுமோ என்று நாங்கள் தயங்கினோம். அவனோ எங்கள் எல்லோருக்கும் முன்பாகவே பட்டர்வொர்த் படகுத் துறைக்கு வந்து காத்திருந்தான்.

படகு புறப்பட்ட சிறிது நேரத்திற்குள் மேற்கு வானம் கறுத்தது. காற்று சீறியடித்தது. எதிரே தெரிந்த தீவு மழைத் திரைக்குள் மறைந்தது. "அதிகாலையிலும் காலையிலும் இவ்வாறு திடீரென வரும் புயல்மழைக்குச் 'சுமத்ரா' என்று பெயர்" என ஆசிரியர் விளக்கினார். சுமத்ராத் தீவின் பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து, இடிமேகங்கள் வரிசையாக வருவதால் அப்பெயர் ஏற்பட்டதாம். நம் நாட்டின் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்றினால் நவம்பர் முதல் பெருமழை பெய்கின்றது. பினாங்கிலோ, பருவக்காற்று மாறும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே மழை மிகுதி. நாங்கள் தேர்ந்தெடுத்த நாளின் சிறப்பு அப்பொழுதுதான் எங்களுக்குப் புரிந்தது!

'பினாங்' என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பாக்கு என்பது பொருள். எனவே, 'புலாவ் பினாங்' என்றால் பாக்குத் தீவு. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் இத்தீவை ஏற்று, 'வேல்ஸ் இளவரசர் தீவு' எனப் பெயர் சூட்டினார். நகரத்திற்கு மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயர் இடப்பட்டது. 1985இல் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் திறக்கப்படும் வரை, தலைநிலத்திலிருந்து இங்கு வருவோர் கடலைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. 2014இல் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலமும் திறக்கப்பட்டது.

கரையேறியதும் குடைகளை விரித்துக்கொண்டு கார்ன்வாலிஸ் கோட்டைக்குச் சென்றோம். முதலில் பனையினத்தைச் சேர்ந்த நீபோங் மரங்களை நட்டே இக்கோட்டையை அமைத்தனர். பின்னரே செங்கற் சுவர்கள் எழுந்தன. கடலை நோக்கி நிற்கும் பீரங்கிகளுள் 'செரி ராம்பாய்' என்பது புகழ் வாய்ந்தது. டச்சுக்காரர் 1603இல் வார்த்த அப்பீரங்கியின் மீது மழைநீர் வழிந்தோடிக்கொண்டிருந்தது. அருகில் உள்ள மணிக்கூண்டின் உயரம் 60 அடி. விக்டோரியா அரசியார் 1897 வரை ஆண்ட அறுபது ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஓர் அடி என்பது கணக்கு. செல்வர் சியா சென் இயோக் தம் செலவில் கட்டுவித்த இக்கூண்டு, இரண்டாம் உலகப் போரின் குண்டு வீச்சினால் சற்றே சாய்ந்து நிற்கின்றது.

அங்கிருந்து பழைய நகருக்குள் நுழைந்தோம். சிறிது தொலைவிற்குள்ளேயே 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தையும், சீனர் வணங்கும் குவான் இம் ஆலயத்தையும், 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோவிலையும், 1801இல் இந்திய முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும் கண்டோம். ஒரே மழை நான்கு வழிபாட்டு இடங்களின் கூரைகளிலும் பெய்துகொண்டிருந்தது. மக்கள் அவ்வாயில்களில் வேறுபாடின்றி ஒதுங்கி நின்றனர். 2008இல் மலாக்காவுடன் ஜார்ஜ் டவுனும் உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்கப்பட்டதற்கு, இவ்வாறு பல இனத்தார் அண்டை அயலாராக வாழ்ந்து வந்ததும் ஒரு காரணமாகும்.

இவ்வளவு மழையிலும் நாங்கள் எவ்வாறு நடந்தோம் என நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை, கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையே. மலாயில் இதனைக் 'காக்கி லீமா' என்பர். நம்மவர் பேச்சில் 'அஞ்சடி'. 1822இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்தை வகுத்தபொழுது, ஒவ்வொரு வீட்டின் முன்னும் எல்லோரும் நடப்பதற்குரிய கூரையிட்ட பாதை தொடர்ச்சியாக அமைய வேண்டும் என ராபிள்ஸ் ஆணையிட்டார். பின்னர் மலாயாவின் ஏனைய நகரங்களிலும் அம்முறை பரவிற்று. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் நாட்டிற்கு இதனினும் பொருத்தமான அமைப்பு ஏது? கடைவீட்டின் நடுவே, செட்டிநாட்டு வீடுகளில் உள்ளதைப் போன்ற திறந்த முற்றமும் உண்டு. நீண்டு குறுகிய வீட்டிற்கு ஒளியும் காற்றும் அதன் வழியாகவே கிடைக்கின்றன.

ஆயினும், அப்பாதையிலேயே எங்களுக்கு ஒரு துன்பம் நேர்ந்தது. ஒரு கடையின் முன் சரக்குப் பெட்டிகள் கூரை எட்டும் வரை அடுக்கப்பட்டிருந்தன, நடக்க வழியில்லை. நாங்கள் சாலையில் குதித்து, ஓடி, அடுத்த கடையின் முன் ஏறிக்கொண்டோம். திரும்பிப் பார்த்தபொழுது நண்பன் எங்களுடன் இல்லை. கணுக்காலளவு ஓடிய நீரில் சாக்கடையின் விளிம்பு அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. ஊன்றுகோல் வழுக்கி, மழையில் விழுந்து கிடந்தான். முழங்காலில் குருதி கசிந்தது. எங்களுக்கு முன்பே ஆசிரியர் விரைந்து சென்று அவனைத் தாங்கினார். கடையிலிருந்த முதியவரும் ஓடிவந்து காயத்தைத் துடைத்து மருந்திட்டார். "தம்பி, மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்றே பெட்டிகளை இங்கு வைத்தேன். நடப்பவர் நனைவாரே என்று எண்ணவில்லை" என்று வருந்திக் கூறியவர், ஆட்களை அழைத்து அவற்றை உள்ளே எடுக்கச் செய்தார்.

நாங்கள் வெட்கித் தலை குனிந்தோம். பெட்டிகளை வைத்தவரை மட்டும் குறை கூற எங்களுக்கு உரிமை இல்லை. நண்பனை விட்டுவிட்டு ஓடியவர்கள் நாங்கள் அல்லவா? அவன் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "அந்த முனையிலிருந்து இதுவரை எத்தனை படிகள் வந்தன, தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். கடைகளின் தளம் ஒன்றுக்கொன்று உயர்ந்தும் தாழ்ந்தும் இருப்பதால் வழியெங்கும் படிகள் இருந்தன. எங்களுள் ஒருவரும் அவற்றைக் கவனிக்கவில்லை. "பதினொன்று" என்றான் அவன். அதன் பின்னர் நாங்கள் அவன் நடைக்கு ஏற்பவே நடந்தோம். ஒவ்வொரு படியிலும் ஒருவர் முன்னே நின்றோம்.

நண்பகலில் நாசி கண்டார் உண்டோம். தமிழ் முஸ்லிம் வணிகர் முற்காலத்தில் தோளில் தடியை வைத்து, அதன் இரு முனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுச் சுமந்து விற்றனர். அவ்வாறு சுமப்பதையே மலாயில் 'கண்டார்' என்பர். நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' போன்ற கப்பல்களில் வந்த நம் முன்னோர் பலர் முதலில் கண்ட மலாயா மண்ணும் இத்தீவுதான் என ஆசிரியர் கூறினார்.

பிற்பகலில் மழை மீண்டும் வலுத்தது. சீனக் குடும்பத்தார் கடலுக்குள் தூண்கள் நட்டு வாழும் படகுத்துறை வீடுகளை அப்பொழுது கண்டோம். பலகைகளுக்குக் கீழே கடல் ஏறிக்கொண்டிருந்தது. பெருமழையும் கடலேற்றமும் ஒரே வேளையில் நேர்ந்தால், நகரத்து நீர் எளிதில் கடலுக்குள் வடியாது. சாக்கடைகளில் குப்பையும் அடைத்துக்கொண்டால் நீர் வீடுகளுக்குள் புகும். 2017 நவம்பரில் பெய்த பெருமழையில் பினாங்கு மக்கள் உயிரிழப்பும் பொருளிழப்பும் அடைந்ததை ஆசிரியர் நினைவூட்டினார். கையில் வைத்திருந்த நெகிழிப் பையை எறிய இடம் தேடிய எங்களுள் ஒருவன், அதனை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மாலையில் நனைந்த உடையுடன் படகேறினோம். திங்கட்கிழமையும் மழை பெய்தது. எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் வழக்கம்போல் புத்தகப் பைகளும் காலணிகளும் வழி நெடுகச் சிதறிக் கிடந்தன. ஆண்டுக்கணக்கில் அவற்றைத் தாண்டிச் சென்றவர்கள்தாம் நாங்கள். அன்று அவற்றை எடுத்துச் சுவரோரமாக வரிசையாக அடுக்கினோம். மணி அடித்ததும் நண்பன் வந்தான். நடுவழியே நேராக வகுப்பிற்குள் நடந்து சென்றான். மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளித் தாழ்வாரத்தையும் ஒரு மழை நாளில் சற்று நின்று பாருங்கள்.