கேமிங் கணினியில் திடீர் வேகக் குறைவு: முக்கியக் குறிப்புகள்

அளவைகள்

• சட்டக வீதம், அதாவது ஃப்ரேம் ரேட் – ஒரு வினாடியில் திரைக்கு வரும் முழுப் படங்களின் எண்ணிக்கை. அலகு: எஃப்பிஎஸ்.
• சட்டக நேரம், அதாவது ஃப்ரேம் டைம் – ஒரு படம் உருவாக ஆகும் நேரம். அலகு: மில்லிவினாடி. சூத்திரம்: 1000 ÷ சட்டக வீதம்.
• 30 எஃப்பிஎஸ் = 33.33 மில்லிவினாடி; 60 = 16.67; 120 = 8.33; 144 = 6.94; 240 = 4.17.
• சராசரி ஏமாற்றும் விதம்: 99 சட்டகங்கள் தலா 8 மில்லிவினாடி, ஒன்று மட்டும் 208. மொத்தம் சரியாக 1 வினாடி, சராசரி 100 எஃப்பிஎஸ். கண்ணுக்குத் தெரிவது அந்த ஒரு தடுக்கல், அதாவது ஸ்டட்டர், மட்டுமே.
• 1% லோ – மிக மெதுவான 1 விழுக்காடு சட்டகங்களைக் கொண்டு கணக்கிடும் வீதம். தடுக்கலை அறியச் சராசரியைவிட நம்பத்தக்கது.
• சட்டக நேர அளவீட்டை ஆய்வு முறையாகப் பரவலாக்கியவர் – ஸ்காட் வாசன், டெக் ரிப்போர்ட், 2011.
• உலகின் முதல் ஜிபியு என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது – என்விடியா ஜிஃபோர்ஸ் 256, 1999.

திடீர்க் குறைவு, படிப்படியான குறைவு

• படிப்படியாக: தூசி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்.
• திடீரென: அண்மையில் மாறிய ஏதோ ஒன்று. டிரைவர், விண்டோஸ் அப்டேட், பயாஸ் அமைப்பு, கேபிள், அடாப்டர், ஆட்டத்தின் புதிய பேட்ச்.
• விதிவிலக்கு: வாட்டர் கூலரின் பம்ப் நின்றுபோதல். வன்பொருள் பழுது, ஆனால் விளைவு சில நிமிடங்களில்.
• ஒரே எண்ணில் பூட்டியது போல் நிற்கும் வீதம் – பெரும்பாலும் மென்பொருள் வரம்பு. ஏறி இறங்கி அலையும் வீதம் – வெப்பம், மின்சாரம், நினைவகம்.

எண்ணே விடையாகும் இடங்கள்

• 60-இல் பூட்டு: மானிட்டரின் புதுப்பிப்பு வீதம் 144-லிருந்து 60 ஹெர்ட்ஸுக்கு மாறியிருத்தல், உடன் வி-சிங்க், அதாவது சட்டகத்தைத் திரைப் புதுப்பிப்போடு ஒத்திசைத்தல்.
• 60, 30, 20, 15 எனப் படிக்கட்டு இறக்கம்: இரட்டை இடையக வி-சிங்க். 16.67 மில்லிவினாடியைச் சற்றே தாண்டினாலும் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருப்பு.
• மடிக்கணினி, சார்ஜர் இன்றி 30: பேட்டரி பூஸ்ட். என்விடியா, 2014. இயல்பு வரம்பு 30.
• செயலி 0.8 கிகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் கீழே, வெப்பநிலையோ வெறும் 45 டிகிரி: பிடி ப்ராக்ஹாட். செயலி சூடாகாதபோதும் வெளியிலுள்ள பாகம் ஒன்று 'சூடு' என அனுப்பும் இருதிசைச் சமிக்ஞை. அடையாளம் தெரியாத அடாப்டர் வழக்கமான காரணம்.
• எட்டு உட்கருச் செயலியில் மொத்தப் பயன்பாடு 12.5 விழுக்காடு: ஓர் உட்கரு முழுச் சுமையில் இருக்கலாம். 100 ÷ 8 = 12.5. 'செயலி சும்மா இருக்கிறது' என்பது தவறான விடை.

வெப்பக் கட்டுப்பாடு, அதாவது தெர்மல் த்ராட்லிங்

• வரையறை: உச்ச வெப்பநிலையைத் தொட்டதும் சில்லு தன் அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் தானே குறைத்தல். பழுதன்று, தற்காப்பு.
• அடிப்படை: இயங்குதிறன் ∝ மின்தேக்கம் × மின்னழுத்தம்² × அதிர்வெண். மின்னழுத்தம் மட்டும் இருபடி. அண்டர்வோல்ட் செய்தால் வெப்பம் சட்டெனக் குறையக் காரணம் இதுவே.
• உச்ச வரம்புகள், டிகிரி செல்சியஸில்: இன்டெல் கோர் ஐ9-14900கே – 100, ரைசன் 9 7950எக்ஸ் – 95, ரைசன் 7 7800எக்ஸ்3டி – 89, ஆர்டிஎக்ஸ் 4090 – 90, ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் ஹாட்ஸ்பாட் – 110.
• ரைசன் 9 7950எக்ஸ் போன்றவை முழுச் சுமையில் 95-ஐத் தொடுவது வடிவமைப்பிலேயே உள்ளது. 95 என்ற எண்ணை மட்டும் பார்த்துப் பழுது என முடிவு கட்டலாகாது. அதிர்வெண் வீழ்ச்சியும் சேர்ந்திருக்க வேண்டும்.
• புகழ்பெற்ற சோதனை: டாம்ஸ் ஹார்டுவேர், 2001. குவேக் 3 ஓடிக்கொண்டிருக்கையில் ஹீட்சிங்க் அகற்றல். பென்டியம் 4 – வேகம் குறைந்தும் தொடர் ஓட்டம். பென்டியம் 3 – உறைந்தது, பிழைத்தது. ஏஎம்டி அத்லான் – புகைந்து அழிந்தது. த்ராட்லிங்கைக் குறை கூறுவோருக்கு இதைவிடச் சிறந்த பதில் இல்லை.
• 7900 எக்ஸ்டிஎக்ஸ் நிகழ்வு: வெளியீடு டிசம்பர் 2022. ஏஎம்டியின் சொந்த வடிவமைப்பு அட்டைகள் சிலவற்றில் 110 டிகிரியும் வேகக் குறைவும். காரணம்: ஆவிக்கலத்துள், அதாவது வேப்பர் சேம்பரில், போதிய நீர் இல்லை. ஏஎம்டி ஒப்புதல் ஜனவரி 2023. அட்டை கிடைமட்டமாக இருக்கையில் கூடுதல் பாதிப்பு. கேபினட்டைத் திருப்பி வைத்தால் எண் மாறும் அரிய பழுது.

ரேம்

• டிடிஆர்4-3200: ஒரு சேனல் வினாடிக்கு 25.6 ஜிபி; இரு சேனல் 51.2 ஜிபி.
• எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அறிவித்த வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு, இழந்து 2133-க்கு இறங்கினால் இரு சேனல் 34.1 ஜிபி. இழப்பு மூன்றில் ஒரு பங்கு. ஒரு ரேம் குச்சி சரியாக உட்காராவிட்டால் இழப்பு சரிபாதி.
• எக்ஸ்எம்பி – இன்டெல், 2007, டிடிஆர்3 காலம். எக்ஸ்போ – ஏஎம்டி, 2022, டிடிஆர்5.
• பயாஸ் புதுப்பித்த மறுநாள் வேகம் குறைந்தால் முதல் ஐயம்: எக்ஸ்எம்பி அணைந்திருத்தல்.
• சிமோஸ் பேட்டரி சிஆர்2032 – 3 வோல்ட். பெயரே அளவு: விட்டம் 20 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ. இது தீர்ந்தால் மின்சாரம் போய்வரும்போதெல்லாம் பயாஸ் அமைப்பு அழியும். கடிகாரம் தவறு + ஆட்டம் மெதுவு = இந்தப் பேட்டரி.
• நான்கு இடங்களில் இரண்டு குச்சி: பொதுவாகச் செயலியிலிருந்து 2-ஆம், 4-ஆம் இடங்கள்.

வரைகலை நினைவகம், அதாவது விரேம்

• நிரம்பி வழிந்தால் தரவு கணினி ரேமுக்குச் செல்லும். இடையிலுள்ள பிசிஐஇ பாதை குறுகல். வீதம் சரிவதில்லை, விழுகிறது.
• 16 தடப் பாதை: பிசிஐஇ 3.0 – வினாடிக்குச் சுமார் 15.75 ஜிபி, 4.0 – 31.5, 5.0 – 63.
• ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஜனவரி 2022: 4 ஜிபி விரேம், 4 தடம் மட்டுமே. பழைய 3.0 மதர்போர்டில் பாதை மீண்டும் பாதியாகி வேகக் குறைவு.
• ஜிடிஎக்ஸ் 970, 2014: 4 ஜிபி என்ற பெயரில் 3.5 வேகப் பகுதி, 0.5 மெதுப் பகுதி. வெளிப்பட்டது ஜனவரி 2015. 2016 வழக்குச் சமரசம்: அமெரிக்க வாங்குநருக்கு அட்டைக்கு 30 டாலர்.

மின்சாரம், கேபிள், சேமிப்பகம்

• பிசிஐஇ இடம் – 75 வாட். 6 முனை – 75. 8 முனை – 150. 12விஎச்பிடபிள்யூஆர் – 600.
• மானிட்டர் கேபிள் வரைகலை அட்டைக்குப் பதில் மதர்போர்டில் செருகப்பட்டிருத்தல்: கணினியைத் தூசி தட்டிய பின் நேரும் பிழை. சிரிப்புக்குரியது, அடிக்கடி நேர்வது.
• எஸ்எஸ்டிக்கான டிரிம் கட்டளையை இயல்பாக ஏற்ற முதல் விண்டோஸ் – விண்டோஸ் 7, 2009.
• சாம்சங் 840 ஈவோ, 2014: பழைய தரவை மட்டும் மெதுவாகப் படித்தது. புதிய கோப்பில் வேகம் இயல்பு. வழக்கமான சோதனையில் சிக்கவில்லை. தீர்வு: ஃபர்ம்வேர், அக்டோபர் 2014, மீண்டும் 2015.

மென்பொருள் காரணமான வீழ்ச்சிகள், ஆண்டு வரிசை

• மார்ச் 2010 – என்விடியா டிரைவர் 196.75. விசிறிக் கட்டுப்பாடு கெட்டு அதிவெப்பம். திரும்பப் பெறப்பட்டது.
• ஜனவரி 2018 – ஸ்பெக்டர், மெல்ட்டவுன் ஒட்டுகள். பாதுகாப்புக்கு விலையாக வேகம்.
• ஏப்ரல் 2021 – விண்டோஸ் 10, கேபி5001330. இரண்டு அல்லது கூடுதல் மானிட்டர்களில் முழுத்திரை ஆட்டம் ஆடியோருக்கே பெரும் பாதிப்பு.
• அக்டோபர் 2021 – விண்டோஸ் 11 வெளியீடு. ரைசனில் எல்3 இடைமாற்றகத் தாமதம். குறைவு பொதுவாக 3–5 விழுக்காடு, சில இ-ஸ்போர்ட்ஸ் ஆட்டங்களில் 10–15. முதல் மாதாந்திர ஒட்டுக்குப் பின் நிலைமை மோசம், தீர்வு கேபி5006746.
• மார்ச் 2022 – எஃப்டிபிஎம், அதாவது ஃபர்ம்வேர் வழிப் பாதுகாப்புக் கூறு, காரணமான தடுக்கல், ஏஎம்டி ஒப்புதல். தீர்வு: ஏஎம்டி பயாஸுக்கான ஏஜீசா 1207.
• செப்டம்பர் 2022 – விண்டோஸ் 11 22எச்2, என்விடியா அட்டைகள். தீர்வு: ஜிஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் 3.26.
• மார்ச் 2023 – டிரைவர் 531.18, ஆட்டம் மூடிய பின்னும் செயலி உழைப்பு. தீர்வு: 531.26.
• ஆகஸ்ட் 2024 – இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை நிலையின்மை. தணிப்பு: மைக்ரோகோடு 0எக்ஸ்129. பொறி: திரையில் வந்த செய்தி 'வீடியோ நினைவகம் போதவில்லை', குற்றவாளி செயலி. பலர் வரைகலை அட்டையை மாற்றிப் பார்த்தனர்.

கருவிகள்

• ஆர்டிஎஸ்எஸ் – திரைமேல் எண்கள். பிரசன்ட்மான் – சட்டக நேரம், இன்டெல். லேட்டன்சிமான் – டிரைவர் தாமதம். மெம்டெஸ்ட்86 – ரேம். டிடியு – டிரைவரை வேரோடு நீக்கல்.
• ஜிபியு-இசட், 'பெர்ஃப்கேப் ரீசன்' வரி: அட்டையைத் தடுப்பது வெப்பமா, மின்வரம்பா, மின்னழுத்தமா என ஒரே சொல்லில். ஊகத்தைக் குறைப்பதில் முதலிடம்.
• கருவியே தேவையற்ற சோதனை: தெளிவுத்திறனைக் குறைத்தல். வீதம் ஏறினால் தடை வரைகலை அட்டை; ஏறாவிட்டால் செயலி.
• டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் வேகம் மீளுதல், மூடியதும் குறைதல்: மறைந்தோடும் கிரிப்டோ மைனரின் அடையாளம்.

குழப்பும் இணைகள்

• லேக் × எஃப்பிஎஸ் குறைவு: முன்னது இணையத் தாமதம், பின்னது கணினித் தாமதம். பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர்.
• தடுக்கல் × கிழிசல்: ஸ்டட்டர் நேரக் குறை, டியரிங் ஒரே திரையில் இரு சட்டகத் துண்டுகள்.
• மெகாஹெர்ட்ஸ் × எம்டி/வி, அதாவது வினாடிக்கு மெகா டிரான்ஸ்ஃபர்: டிடிஆர்4-3200-இன் உண்மைக் கடிகாரம் 1600. சிபியு-இசட் 1600 காட்டினால் ரேம் சரி.
• புது டிரைவருக்குப் பிந்தைய முதல் ஓட்டத் தடுக்கல் × நிலையான தடுக்கல்: முன்னது ஷேடர் மறுதொகுப்பு, தானே நீங்கும், பின்னது தேட வேண்டியது.