கயிறு எதற்கு என்று கேட்டு விற்போம்
(மரம் வெட்டும் வேலைக்குக் கூலியாகப் போவோர் கொண்டு செல்ல வேண்டியவை)



புரட்டாசி பிறந்துவிட்டால் நம் கடைகளில் கயிறு, அரிவாள், கையுறை விற்பனை கூடுவது எல்லோரும் அறிந்ததே. ஐப்பசி மழைக்கு முன்பாக வீட்டோரத்து வேம்பையும் கூரைமேல் சாய்ந்த தென்னையையும் கழித்துவிட வேண்டும் என்று ஊரே அவசரப்படும் காலம் அது. மரம் ஏறுகிறவருக்குச் சொந்தமாகக் கருவிகள் இருக்கும். ஆனால் கீழே நின்று கயிறு பிடிக்கவும் கிளை இழுக்கவும் போகிறவர் பெரும்பாலும் அன்றாடக் கூலி. இன்று ஒரு மேஸ்திரி, நாளை வேறொரு மேஸ்திரி. அவருக்கு வேண்டியதை யாரும் கொடுப்பதில்லை. காலை ஏழு மணிக்கு நம் கடைக்கு வந்து, "ஒரு இருபது மீட்டர் கயிறு" என்று கேட்கிறவர் இவர்தான்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அந்த வாரம் நமது கடையில் கயிறு கட்டு கட்டாகப் போயிற்று. ஓர் இளைஞர் வந்து கேட்டபோது, கடை முகப்பில் பல மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்த மஞ்சள் கயிற்றை அளந்து கொடுத்தோம். எதற்கு என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவர் கையில் கட்டுடன் வந்தார். துண்டம் இறக்கும்போது கயிறு அறுந்துவிட்டதாம். சண்டைக்கு வரவில்லை. "அய்யா, இது தாங்கல. இதைவிட நல்லதா ஒண்ணு குடுங்க" என்றார். அன்று நாம் பட்ட வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் எடையைப் புரிந்துகொள்வோம். ஓரடி விட்டமும் மூன்றடி நீளமும் உள்ள பச்சைத் துண்டம் ஏறத்தாழ 60 கிலோ இருக்கும். ஒரு மூட்டை அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொங்கவிட்டால் கயிறு தாங்கும். ஆனால் நாலடி விழுந்து, பிறகு கயிற்றில் வெட்டி இழுத்தால், அதே துண்டம் பல மடங்கு எடையாகிவிடும். கயிறு அறுவது பெரும்பாலும் இந்த வெட்டி இழுப்பில்தான்.

இனி, கீழே நிற்பவர் கொண்டு போக வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தலைக்கவசம்: 30 அடி உயரத்திலிருந்து நழுவிய அரிவாள் தரைக்கு வரும்போது மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் வரும். தலையில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தொழிற்சாலைத் தலைக்கவசம் வேண்டும். தாடைப் பட்டை கட்டாயம் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் கவசம் இதற்குச் சரிப்படாது. அது காதை மூடிவிடுவதால் மேலிருந்து கூப்பிடுவது கேட்காது. ஒருமுறை பலத்த அடி வாங்கிய கவசத்தை, விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.

2. கண்ணும் காதும்: மெஷின் வாள் ஓடும் இடத்தில் மரத்தூள் கண்ணில் விழும். சாதாரணப் பிளாஸ்டிக் கண்ணாடி போதும், ஆனால் பக்கவாட்டிலும் மறைப்பு இருக்க வேண்டும். மெஷின் வாளின் சத்தம் 100 டெசிபெலுக்கு மேல். தினமும் அருகில் நிற்பவருக்குக் காது போய்விடும். காதடைப்பான் வாங்க அதிகச் செலவாகாது.

3. கையுறை: கயிறு பிடிக்க, உள்ளங்கையில் தோல் வைத்துத் தைத்த கையுறை நல்லது. கயிறு ஓடும்போது வெறுங்கையின் தோல் உரிந்துவிடும். கையுறை இருக்கிறதே என்று கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளவே கூடாது. அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் உராய்வே பளுவின் பெரும்பகுதியைத் தாங்கும். மெல்ல மெல்ல விட்டு இறக்கலாம்.

4. காலணியும் உடையும்: ரப்பர் செருப்போடு போகிறவர்களே அதிகம். முன்விரலுக்கு இரும்புக் கவசம் உள்ள பூட்ஸ் சிறந்தது. அது முடியாவிட்டால் கெட்டியான மூடிய காலணியாவது வேண்டும். தொங்கும் துண்டும் அவிழும் லுங்கியும் மெஷினருகே ஆபத்து.

5. கயிறு: நம் வணிகத்தின் பொறுப்பு இங்கேதான் வருகிறது. பிளாஸ்டிக் கயிறு எல்லாவற்றையும் "நைலான்" என்று சொல்லி விற்பது நம் வழக்கம். பெரும்பாலும் அது பி.பி. கயிறு. ஒரு துண்டை வெட்டி, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் நைலான் அல்ல. நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும்.

பி.பி. கயிறு விலை குறைவு. மூட்டை கட்ட, பந்தல் கட்ட நல்லது. ஆனால் வெயிலில் கிடந்தால் நாளுக்கு நாள் நொறுங்கும். மரக்கவையில் வேகமாக உரசினால் சூட்டில் உருகும். நைலான் பலமுள்ளது, ஆனால் நீளும். துண்டம் எதிர்பார்த்த இடத்துக்கும் கீழே வந்து நிற்கும். அதிகம் நீளாமல் சூட்டையும் தாங்குவது பாலியெஸ்டர். பளு இறக்க அதையே கொடுங்கள்.

தயாரிப்பாளர் சீட்டில் உள்ள அறுபடும் எடையில் பத்தில் ஒரு பங்கைத்தான் தொங்கவிட வேண்டும். 1,000 கிலோ என்றிருந்தால் 100 கிலோ. முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் பாதி வரைகூடக் குறையும் என்பதும் இந்தக் கணக்குக்கு ஒரு காரணம். பளு இறக்கும் கயிறு வேறு, ஆள் தொங்கும் கயிறு வேறு. இரண்டையும் மாற்றவே கூடாது.

6. சில்லறைச் சாமான்கள்: உறையோடு கைவாள் ஒன்று; தெருவை மறிக்கச் சிவப்புத் துணியும் மெல்லிய கயிறும்; ஒரு விசில்; இரண்டு லிட்டர் தண்ணீர்; உப்புச் சர்க்கரைப் பொட்டலம்; சுத்தமான துணியும் அகலமான கட்டுத்துணியும். வெட்டுக்காயத்தில் இரத்தம் பீறிட்டால் துணியை வைத்து விடாமல் அழுத்திக்கொண்டே 108க்குச் சொல்ல வேண்டும். மஞ்சள்தூளும் காப்பித்தூளும் அப்புவது காயத்தைக் கெடுக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பழக்கமும் வேண்டும். மேலே இருப்பவர் "வா" என்று சொல்லும்வரை மரத்தடிக்குப் போகக் கூடாது. மரத்தை முழுதாகச் சாய்க்கும்போது அதன் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். மின்கம்பி அருகில் இருந்தால், மின்வாரியத்தார் வந்து மின்சாரத்தை நிறுத்திய பிறகே கத்தியை எடுக்க வேண்டும். பச்சைக் கிளையிலும் நனைந்த கயிற்றிலும் மின்சாரம் பாயும்.

வணிகர்களாகிய நாம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, பிளாஸ்டிக் கயிற்றைக் கடை வாசலில் வெயிலில் தொங்கவிடாதீர்கள். மாதிரிக்கு ஒரு முழம் தொங்கட்டும், சரக்கு உள்ளே இருக்கட்டும். வெளுத்துத் தூள் உதிரும் கயிற்றை விலை குறைத்தும் விற்க வேண்டாம். இரண்டாவது, கவசம், கண்ணாடி, கையுறை, விசில், கட்டுத்துணி ஆகியவற்றை ஒரே பையில் போட்டு வையுங்கள். தனித்தனியாகக் கேட்டு வாங்கத் தயங்குகிறவர் ஒரு பையாக வாங்குவார். முழுப்பணம் இல்லாதவருக்கு இரண்டு தவணை கொடுத்தாலும் நட்டமில்லை. மூன்றாவது, கயிறு அளக்குமுன், "எதுக்குத் தம்பி?" என்று கேளுங்கள். அரை நிமிடம்தான் ஆகும்.

அந்த இளைஞர் இன்றும் நமது கடைக்கே வருகிறார். அவர் கேட்குமுன் நாம் கேட்கிறோம்; அவரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறார். வாங்குகிறவர் நல்லபடியாக வீடு திரும்பினால்தான் நாளைக்கும் நம் படியேறுவார்.