சுவரும் அதன் போர்வையும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன என்பர். இவற்றுள் உடையையும் உறையுளையும் வெவ்வேறாக வைத்து எண்ணுதலே வழக்கம். ஆயினும் உறையுளுக்கும் உடை ஒன்று வேண்டுமென்பதும், அவ்வுடையைத் தேர்வதிற் பிழைபட்டால் உறையுளே கெடுமென்பதும் பலரால் கருதப்படுவதில்லை. சேரன்மகாதேவியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பழைய வீடுகளைப் புதுக்குவோர் முன் இந்நாளில் வந்து நிற்கும் வினா இதுவே: பொருமிக் காரை பெயர்ந்த சுவரைக் கொத்தி மறுபடியும் பூசுவதோ, அன்றி அதன்மேற் பிளாஸ்டிக் பலகைகளை அறைந்து மூடிவிடுவதோ? மூடிவிட்டால் ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் செலவு இல்லை, பார்வைக்கும் அழகு என்று விற்போர் கூறுவர். அக்கூற்றில் எவ்வளவு மெய் உளது என ஆராயப் புகுவாம்.

பலகை வடிவிற் சுவரைப் போர்த்தும் இப்பொருளை மேனாட்டார் வினைல் என வழங்குவர். சொல்லாராய்ச்சியில் விருப்பமுடையார்க்கு ஈண்டு ஒன்று கூறலாம். இலத்தீன் மொழியில் திராட்சமதுவைக் குறிக்கும் வீனும் என்பதே இச்சொல்லுக்குத் தாய். சாராயத்தோடு உறவுடைய ஒரு வேதியற் கூட்டத்துக்கு 19-ஆம் நூற்றாண்டில் இப்பெயர் அமைந்தது. மதுவின் பெயரைத் தாங்கிய பொருள் மதுவிலக்குச் சங்கத்தார் வீட்டுச் சுவரையும் மூட வந்துவிட்டது! இதன் முழுப்பெயர் பாலிவினைல் குளோரைடு. நம் வீட்டு நீர்க்குழாய்களால் எல்லார்க்கும் அறிமுகமான பி.வி.சி. தான் இது. 1872-இல் பௌமன் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனைக் கண்டு எழுதினார். 1926-இல் சீமன் என்னும் அமெரிக்கர் இதனை வளைந்து கொடுக்கும் பொருளாக்கும் முறையைக் கண்டார். இதன் எடையிற் பாதிக்குமேல், அதாவது நூற்றுக்கு 57 பங்கு, குளோரினே ஆகும். இதனை ஏதோ தொலைநாட்டுப் பண்டம் என்று எண்ணற்க. தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்திற்கு அணித்தாயுள்ள சாகுபுரத்திலேயே பி.வி.சி. ஆக்கும் ஆலை உண்டு.

அமெரிக்க நாட்டில் 1950-களின் பிற்பகுதியில் இப்பலகைகள் வீட்டுச் சுவர்களில் ஏறத் தொடங்கின. அந்நாட்டு வீடுகளின் இயல்பை அறிந்தாலன்றி இவற்றின் பயன் விளங்காது. ஆங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டங்களால் ஆனவை. வெளிப்புறத்தே மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அறைந்து வண்ணம் பூசுவர். மழையும் பனியும் மாறிமாறித் தாக்குதலால் அவ்வண்ணம் சில ஆண்டுகளில் உரிந்துபோம், மரம் உளுக்கும். எனவே வண்ணம் வேண்டாததும் உளுக்காததுமாகிய பிளாஸ்டிக் பலகை வந்தபோது, வீட்டுடையார் அதனை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை. விலையும் குறைவு, கழுவுதற்கு நீரும் துணியும் போதும்.

அப்பலகையை மாட்டும் முறையிலேதான் அதன் நுட்பமெல்லாம் அடங்கியுள்ளது. வெப்பத்தால் விரியும் இயல்பு பி.வி.சி.க்கு மிகுதி. 12 அடி நீளப் பலகை ஒன்று கடுங்குளிருக்கும் கடுவெயிலுக்கும் இடையே ஏறக்குறைய அரை அங்குலம் நீளும். ஆதலின் ஆணித்துளைகளை வட்டமாக வையாது நீண்ட பிளவாக வைப்பர். ஆணியையும் இறுக அடியாது ஒரு நாணயத்தின் கனம் இடைவெளி விட்டு நிறுத்துவர். இதனால் பலகை சுவரிற் பதிந்திராது தொங்கிக்கொண்டிருக்கும். அதன் அடியோரத்தில் நீர் வடியும் சிறு துளைகளும் உண்டு. என்னை? இப்போர்வை நீரை முற்றத் தடுப்பதன்று. காற்றோடு வரும் சாரலிற் பெரும்பங்கைத் தடுத்து, மீறிப் புகுந்ததை வழியவிட்டு, பின்னேயுள்ள காற்றிடையே சுவரை உலரவிடுவதே இதன் தொழில்.

இனி நம் சுவர்களின் நிலையைக் காண்போம். தமிழர் சுவருக்குச் சுதை தீற்றியது இன்று நேற்றன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை அரண்மனையின் சுதையை வெள்ளியோடும் சுவரைச் செம்போடும் ஒப்பிட்டுக் காட்டுகின்றது. அண்மைக்காலம் வரையிலும் இப்பக்கத்துக் கொத்தனார்கள் சுண்ணாம்பைத் தாளித்து நாட்கணக்காக ஊறவைத்து, மணல் சேர்த்து, எருதுகள் இழுக்கும் கல்லுருளையால் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை வார்த்துக் காரை செய்தனர். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரிவளியைச் சிறிதுசிறிதாக உட்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகின்றது. அவ்வாறு மாறிய பின்னும் அதனுள் நுண்டுளைகள் எஞ்சியிருக்கும். சுவருள் ஏறிய ஈரம் அவற்றின் வழியே ஆவியாய் வெளியேறும். மூச்சுவிடும் சுவர் என்று கொத்தனார் கூறுவது வெறும் உவமையன்று.

இம்முறை மறைந்ததற்குக் காரணம் ஒன்றன்று. 1949-இல் திருநெல்வேலிக்கு அடுத்த தாழையூத்தில் சிமெண்டு ஆலை தொடங்கப்பெற்றது. ஒரு நாளிற் கலந்து ஒரு நாளிற் பூசி மறுநாள் இறுகும் பொருள் கையருகே கிடைக்கும்போது, பல நாள் ஊறவைத்து அரைக்கும் பொருளை யார் நாடுவர்? புதிய சுவருக்குச் சிமெண்டு தக்கதே. ஆனால் செங்கல்லும் சுண்ணாம்பும், அன்றி மண்ணும் கொண்டு எழுப்பிய பழஞ்சுவர்மேலும் அதனையே அப்பினர். நெருக்கமான சிமெண்டுப் பூச்சு உள்ளீரத்தை எளிதில் வெளிவிடாது. ஈரத்தோடு வந்த உப்பு பூச்சின் பின்னே தங்கிப் படிகமாகி அதனைத் தள்ளும். பூச்சு பொருமி ஏடேடாகப் பெயரும். நம் ஊர்ப் பழைய வீடுகள் பலவற்றில் முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் இடையே காணப்படும் புண் இவ்வாறு வந்ததே.

அந்த ஈரம் எங்கிருந்து வருகின்றது? இவ்வினாவை விடுத்துப் போர்வையைப் பற்றிப் பேசுதல், நோயை அறியாது மருந்தைத் தேர்தல் போலும். சேரன்மகாதேவி தாமிரபரணியின் தென்கரையில் உள்ளது. கன்னடியன் கால் பாய்ந்து வயல்களை நனைப்பது. நெல் விளையும் நாளில் நிலத்தடி நீர் மேலேறும். ஓதத்தடுப்பு இல்லாத பழைய கடைகாலின் வழியே அந்நீர், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுமாறு, செங்கல்லில் ஏறும். இஃது ஓதம். ஐப்பசி கார்த்திகையில் வாடையோடு சாய்ந்து வீழும் மழை வெளிமுகத்தை நனைக்கும். இது சாரல். மாடியிலும் குழாயிலும் உண்டாகும் ஒழுக்கு மூன்றாவது. இவையன்றி 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாட்களில் நேர்ந்தது போன்ற பெருவெள்ளமும் உண்டு. அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆற்றின் இருமருங்கும் வீடுகளுள் நீர் புகுந்தது. அங்ஙனம் நீரில் ஊறிய சுவர் பல மாதங்கள் உலரவேண்டும். உலரவிடாத போர்வை எதுவாயினும் அஃது அச்சுவருக்குப் பகையே.

இவ்வளவில் வினைல் பலகை நமக்கு ஆகாதென்று முடிவுகட்டிவிடலாகாது. மேற்கு நோக்கிய சுவர் சித்திரை வைகாசி மாதங்களில் எவ்வாறு கொதிக்கும் என்பதை அச்சுவரை அடுத்த அறையிற் படுத்தார் அறிவர். அச்சுவருக்கு முன்னே காற்றோடும் இடைவெளி விட்டு ஒரு மறைப்பை நிறுத்தினால், வெயில் மறைப்பின்மேல் விழும்; சுவர் நிழலில் நிற்கும். இது நம்மவர் அறியாத முறையுமன்று. மண்சுவரைச் சாரல் கரைக்காதபடி பனையோலைத் தட்டியையும் தென்னங்கிடுகையும் சார்த்தி வைத்த ஏழை எளியவர் செய்ததும் இதுவே. தட்டி சுவரில் ஒட்டியிராது. அதன் பின்னே காற்று உலாவும். கெட்டால் அகற்றிப் புதிது கட்டலாம். வினைல் பலகையைப் பிளாஸ்டிக்காற் செய்த ஓலைத்தட்டி எனக் கூறினும் குற்றமில்லை. ஆண்டுதோறும் ஓலை மாற்றும் வேலையை அஃது ஒழிக்கின்றது என்பது அதன் பெருமை. கரையான் அதனைத் தின்னாது. மழை அதனை அழுகச்செய்யாது.

குறைகளோ சில உள. ஏறக்குறைய 70 செல்சியசு வெப்பத்தில் இப்பலகை இளகத் தொடங்கும். வெளிர்நிறப் பலகை நம் வெயிலில் அவ்வளவு சூடேறுதல் அரிது. கருநிறப் பலகையைப் பற்றி அங்ஙனம் துணிந்து கூற இயலாது. எதிர்வீட்டுக் கண்ணாடிச் சன்னலிற் பட்டுத் திரும்பிய வெயிலாலேயே பலகைகள் நெளிந்துபோனமை அமெரிக்காவில் நிகழ்ந்துள்ளது. முகப்பெல்லாம் கண்ணாடி பதித்த கடைகள் நம் கடைவீதிகளிலும் பெருகிவருதலின் இஃது எண்ணத்தக்கது. ஆடிக்காற்று இன்னொன்று. மேற்குமலைக் கணவாய்களின் வழியே சீறிவரும் அக்காற்று தொங்கும் பலகையை அடியிற் பிடித்துத் தூக்கும். ஆணி செங்கல்லிற் பிடிக்காமற் சிமெண்டுப் பூச்சில் மட்டும் நின்றால் பலகை வரிசையாகப் பறந்துவிடும். பின்னேயுள்ள இடைவெளி காற்றுக்கு மட்டும் வழியன்று. வலை அடித்து அடைக்காவிடில் எலியும் தேளும் குடிபுகும். பல ஆண்டு வெயில் தின்று நிறம் மங்கிய பலகைகளின் நடுவே ஒன்று உடைந்தால், அதற்கு இணையான நிறத்தில் மற்றொன்று கிடைத்தல் அரிது. சுண்ணாம்புச் சுவரிலோ ஒரு கை காரையும் ஒரு மட்டை வெள்ளையும் போதும்.

தீயைப் பற்றி இருதிறத்தாரும் மிகைபடக் கூறுவர். கெட்டியான பி.வி.சி. எளிதிற் பற்றாது; நெருப்பை அகற்றினால் பெரும்பாலும் தானே அவியும். ஆயினும் எரியும் வீட்டில் அது கருகுங்கால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சுப்புகையை வெளிவிடும். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வேறு பிளாஸ்டிக்கை வைத்துச் செய்யும் பலகை இதனின் வேறானது. இந்நாளில் நம் நகரங்களிற் கடைமுகப்புகளை மூடுவது அதுவே. 2017-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் லண்டனில் கிரென்ஃபெல் என்னும் அடுக்குமாடியைத் தீயானது சில நாழிகைக்குள் சூழ்ந்து 72 உயிர்களைக் கொண்டது இவ்வகைப் போர்வையாலேயே. ஆகவே பிளாஸ்டிக் பலகை என்று பொதுப்படக் கேட்டு வாங்காது, உள்ளே யாது உளது என்று வினவி வாங்குதல் வேண்டும்.

இத்துணையும் தொங்கும் போர்வையைப் பற்றியே கூறினோம். ஆனால் நம் ஊரிற் பெரிதும் விற்கப்படுவது அஃதன்று. ஓதம் கண்ட உட்சுவரின்மேற் பசையாலோ நெருங்கிய சட்டத்தாலோ அழுத்தி ஒட்டப்படும் பி.வி.சி. பலகையே. இதற்கு வடிதுளையும் இல்லை, காற்றிடையும் இல்லை. பெயரும் பொருளும் ஒன்றாயினும் தொழில் முற்றும் மாறுபட்டது. மறைந்த ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கும். வெளிவர வழியின்றி இன்னும் மேலே ஏறும். இடுப்பளவில் நின்ற ஓதம் தோளளவிற் சென்று பலகைக்கு மேலே தலைகாட்டும். அங்ஙனம் தோன்றும் வரையில் வீட்டுடையார் நலமென்றே நினைத்திருப்பர். இம்மூடலினும் அழுக்கேறிய வெறுஞ்சுவரே மேல் என்பேன். கண்ணுக்குத் தெரியும் கேட்டைத் திருத்தலாமன்றோ?

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில் வீட்டுச் சுவரிற் காணும் தோஷத்தைப் பற்றிய விதிகள் உள்ளன. அவற்றைச் சமயச் சடங்கென்று கருதித் தாண்டிச்செல்வார் பலர். ஆங்குக் கூறப்படும் முறையோ நோக்கற்பாலது. பச்சையும் செம்மையுமான கறையைக் கண்டவுடன் பூசி மறைக்கும்படி அங்கே விதியில்லை. ஆசாரியன் முதலிற் பார்வையிடுகின்றான். வீட்டை ஏழு நாள் அடைத்துவைத்து, கறை பரவிற்றா என்று மீண்டும் நோக்குகின்றான். பரவியிருந்தால் கெட்ட கற்களைப் பெயர்த்து, உட்புறமெங்கும் சுரண்டி, வேறு கல் வைத்து வேறு சாந்து பூசுவிக்கின்றான். அதன்பின்னும் கறை திரும்பினாலன்றி வீடு இடிக்கப்படுவதில்லை. சோதனை முன், பூச்சுப் பின் என்னும் இவ்வொழுங்கையே இக்காலத்துக் கட்டட வல்லாரும் வற்புறுத்துகின்றனர்.

அச்சோதனையை எவரும் வீட்டிலேயே செய்யலாம். ஓரடிச் சதுரமான தெளிந்த பிளாஸ்டிக் தாளை ஐயமுள்ள சுவரின்மேல் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டி, இரண்டு நாள் விடுக. தாளின் உட்புறம் நீர்த்துளிகள் அரும்பினால் ஈரம் சுவருள்ளிருந்து வருகின்றது. வெளிப்புறம் அரும்பினால் அது அறைக்காற்றின் ஈரமே. இதனை முழங்கால் உயரத்தில் ஒன்றும் தலையுயரத்தில் ஒன்றுமாகச் செய்க. கீழே ஈரமும் மேலே வறட்சியும் காணின் ஓதமெனத் தெளியலாம். மேலேயும் ஈரமாயின் மாடியையும் குழாயையும் முதலிற் பார்க்கவேண்டும்.

ஓதமுள்ள பழஞ்சுவருக்குப் பலகை எவ்வகையும் உதவாது. சிமெண்டுப் பூச்சைக் கொத்தியெடுத்து, செங்கல்லை ஒரு கோடை முழுதும் வெறிதே உலரவிட்டு, சுண்ணாம்புக் காரையே பூசவேண்டும். அக்காரையை முறையறிந்து கூட்டும் கொத்தனார் இப்போது அருகினர் என்பதும், அவர் கூலியும் நாட்களும் மிகுதி என்பதும் மெய்யே. சாரல் மட்டுமே தாக்கும் புதுச்சுவருக்கு நல்ல சிமெண்டுப் பூச்சும், மேலே ஒன்றரை அடி நீண்ட கூரையிறப்பும் போதும். இறப்பைக் குறுக்கிக் கட்டிவிட்டுப் பலகைக்குச் செலவிடுதல் என் கருத்தில் வீண். மேல்வெயில் தாக்கும் மாடியறைச் சுவரும், தகரத்தாலோ இரும்புச் சட்டத்தாலோ ஆன இலேசான அறையும் உடையார்க்கே தொங்கும் வினைல் பலகை மெய்யாகப் பயன்படும். அவர் வெளிர்நிறமாகத் தேர்க. பலகைக்கும் சுவருக்கும் இடையே ஓரங்குலமேனும் காற்றிடை விடுக. அவ்விடையை மேலும் கீழும் திறந்துவைத்து நுண்வலையால் மூடுக. தரையினின்று ஒரு சாண் உயரத்துக்குப் பலகையை இறக்காது நிறுத்துக. மழைக்காலத்தில் அந்த ஒரு சாண் சுவரைப் பார்த்தே உள்ளே ஈரம் ஏறுகின்றதா என்று அறியலாம்.