நான்கு கோடி பவுண்டும் ஒரு வெள்ளிக்கிழமையும்

அன்புள்ள நிலா,

உன் கடிதம் கிடைத்தது. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டுமென்றால் விஞ்ஞானிகள் கேட்டுக்கொள்ளட்டும், நோயாளியும் வீட்டாரும் எதற்கு எம்.பி.க்களின் வாசலில் போய் நிற்க வேண்டும், அது அரசியல் அழுத்தம் கொடுக்கிற வேலை இல்லையா என்று கேட்டிருக்கிறாய். அழுத்தம் கொடுக்கிற வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அரிய புற்றுநோய் விஷயத்தில் அந்த அழுத்தம் இல்லாமல் விஞ்ஞானிகளே அந்தப் பக்கம் வருவதில்லை. பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்த நாளிலிருந்து நான் விடாமல் கவனித்துவரும் ஒரு விவகாரம் இருக்கிறது. பிரிட்டனில் நடப்பது. அதைச் சொன்னால் உனக்குப் புரியும்.

கிளியோபிளாஸ்டோமா என்ற பெயரைப் பாடத்தில் பார்த்திருப்பாய். மூளையில் தோன்றும் புற்றுநோய்களில் மிக மூர்க்கமானது. கண்டுபிடித்த பிறகு ஒன்றரை ஆண்டைத் தாண்டுகிறவர்கள் குறைவு. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கூடவே டெமோசோலமைடு மாத்திரை என்ற வரிசை 2005-இல் நிலைபெற்றது. மற்றப் புற்றுநோய்களுக்கு ஆண்டுதோறும் புது மருந்து வந்துகொண்டிருக்க, இங்கே அடிப்படை சிகிச்சை இன்றும் ஏறக்குறைய அதேதான். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு, பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பணம் வரும் வழியில் இருக்கிறது.

அது இப்படி. நோயாளிகள் குறைவாக இருப்பதால் அந்த நோயை ஆய்வு செய்கிறவர்களும் குறைவு. ஆய்வாளர்கள் குறைவு என்பதால் நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களும் சொற்பம். அதற்கேற்ப ஒதுக்கப்படும் பணமும் சுருங்கிவிடும். பணமில்லாத துறைக்கு எந்த இளம் விஞ்ஞானி வருவார்? முதலிலிருந்து படித்துப் பார், வட்டம் தானாகவே சுற்றும். இதில் யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. நிதி வழங்கும் அமைப்பைக் கேட்டால், நாங்கள் நோயைப் பார்த்துக் கொடுப்பதில்லை, விண்ணப்பத்தின் தரத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறோம் என்பார்கள். நியாயமான பதில்தான். ஆனால் அந்த நியாயத்துக்குள் இருந்துகொண்டு வட்டத்தை உடைக்க முடியாது. வெளியிலிருந்து யாராவது கையை வைக்க வேண்டும்.

2014-இல் பிரிட்டனின் விமானப்படையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் 26 வயதில் மூளைக்கட்டியால் இறந்தார். அவருடைய சகோதரி நாடாளுமன்றத்தின் மனுத் தளத்தில் ஒரு மனுப் போட்டார். அங்கே ஒரு விதி உண்டு. 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் சொல்ல வேண்டும். ஒரு லட்சத்தைத் தொட்டால் விவாதத்துக்கு எடுக்கலாமா என்று பரிசீலிக்க வேண்டும். இந்த மனுவுக்கு 1,20,000-க்கு மேல் விழுந்தது. 2015-இல்தான் மனுக்களுக்கென்று ஒரு குழுவை நாடாளுமன்றம் அமைத்திருந்தது. அந்தக் குழு நடத்திய முதல் விசாரணையே இந்த மூளைக்கட்டி விவகாரம்தான். அரசு முதலில் சொன்னது நான் மேலே எழுதிய அதே தரம் பற்றிய பதில். குழு அதை ஏற்கவில்லை. 2016 மார்ச்சில் வந்த அறிக்கை, ஆட்சிக்கு வந்தவர்கள் எல்லோருமே பல பத்தாண்டுகளாக இந்த நோயாளிகளைக் கைவிட்டிருக்கிறார்கள் என்று பூசி மெழுகாமல் சொல்லிவிட்டது. ஏப்ரலில் விவாதம் நடந்தது. அரசு ஒரு பணிக்குழுவை நியமித்தது. பணிக்குழு இரண்டு ஆண்டு உட்கார்ந்தது.

அடுத்து நடந்தது கொஞ்சம் சங்கடமானது. டெஸ்ஸா ஜோவல் என்று ஒரு முன்னாள் அமைச்சர். 2012 ஒலிம்பிக்கை லண்டனுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். 2017-இல் அவருக்கு கிளியோபிளாஸ்டோமா. 2018 ஜனவரி 25 அன்று பிரபுக்கள் சபையில் எழுந்து தன் நோயைப் பற்றிப் பேசினார். கைதட்டும் வழக்கமே இல்லாத சபை, எழுந்து நின்று தட்டியது. பிப்ரவரியில் அரசு 2 கோடி பவுண்டு அறிவித்தது. மே மாதம் 12-ஆம் தேதி அவர் இறந்தார். உடனே அது 4 கோடியானது.

ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் கையெழுத்துப் போட்டுக் கிடைத்தது ஒரு குழு. சபைக்குள்ளேயே இருந்த ஒருவர் பேசியதும் பணம் வந்தது. ஜனநாயகத்தில் இது அழகான காட்சி இல்லை. ஆனால் அந்த 1,20,000 இல்லையென்றால் பணிக்குழு இல்லை. அது இரண்டு ஆண்டு தயாரித்து வைத்திருந்ததால்தான் ஜோவல் பேசிய அடுத்த மாதமே அரசால் ஒரு தொகையைச் சொல்ல முடிந்தது.

ஜோவல் விஷயத்தில் இன்னொன்றையும் கவனி. பணத்தோடு ஒரு சின்னப் பொருளுக்கும் குரல் எழுந்தது. அறுவை சிகிச்சைக்குச் சில மணி நேரம் முன்னால் நோயாளிக்கு ஒரு திரவத்தைக் குடிக்கக் கொடுப்பார்கள், 5-ஏ.எல்.ஏ. என்று பெயர். மண்டையைத் திறந்து நீல விளக்கைக் காட்டினால் புற்றுநோய்த் திசு இளஞ்சிவப்பாக ஒளிரும். நல்ல மூளை ஒளிராது. எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்பது மருத்துவருக்குத் தெரியும். அப்போது இங்கிலாந்தின் எல்லா மையங்களிலும் அது கிடைக்கவில்லை. ஆராய்ச்சிக்கு உதவுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் எந்த அமைச்சரும் தலையாட்டுவார். இந்தத் திரவம் இந்த ஆஸ்பத்திரிகளில் இல்லை, எப்போது வரும் என்றால் தேதி சொல்லியாக வேண்டும்.

சரி, 4 கோடி வந்துவிட்டதே, கதை முடிந்ததா? ஐந்து ஆண்டு கழித்து, 2023 பிப்ரவரியில், எல்லாக் கட்சி எம்.பி.க்களும் இருக்கும் மூளைக்கட்டிக் குழு கணக்குப் பார்த்தது. செலவானது ஏறக்குறைய ஒன்றரைக் கோடிதான். யாரும் தின்றுவிடவில்லை. பணம் அங்கேயே இருந்தது, எடுக்க ஆள் வரவில்லை. ஊர்க் கோயில் திருப்பணிக்குத் தொகையை அறிவித்துவிட்டுப் பார்த்தால் ஊரில் ஸ்தபதியே இல்லாத மாதிரி.

ஏன் என்பதைத்தான் நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். பணத்தைக் கொடுத்தது தேசிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனம். அது மனிதர்களிடம் சோதிக்கத் தயாராக இருக்கிற சிகிச்சைக்குத்தான் பணம் தரும். மூளைக்கட்டி ஆராய்ச்சியோ பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலேயே நின்றிருந்தது. அதற்குப் பணம் தருவது வேறு அமைப்பு, மருத்துவ ஆராய்ச்சிக் குழு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம். எலியிடம் வேலை செய்த மருந்தை நோயாளிவரை கொண்டுபோகிற கட்டத்துக்கு யாருடைய பணமும் சரியாகப் பொருந்தவில்லை. வந்த விண்ணப்பங்கள் தேறவில்லை என்று நிராகரிக்கப்பட்டன. முதலில் சொன்ன வட்டம், பணம் வந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது. தொகையைக் கேட்ட இயக்கம், அந்தத் தொகை எந்த வாசல் வழியாக வரும், அந்த வாசலில் நுழைய நம் ஆட்களால் முடியுமா என்பதை அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அடிபட்ட பிறகு அவர்கள் கேட்கும் விதமே மாறியது, பார். ஸ்காட் ஆர்தர் என்று எடின்பரோவைச் சேர்ந்த எம்.பி.; அவருடைய மாமனார் இதே நோயில் இறந்தவர். 2024-இல் தனிநபர் மசோதா கொண்டுவரும் வாய்ப்பு குலுக்கலில் அவருக்கு விழுந்தது. அரிய புற்றுநோய்கள் மசோதா என்று ஒன்றைக் கொண்டுவந்தார். இத்தனை கோடி கொடு என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அரிய புற்றுநோய் ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்ளத் தேசிய அளவில் ஒரு பொறுப்பாளரை நியமி என்கிறது. அரிய நோய் மருந்துகளுக்கு அனுமதி தரும் விதிகளை மறுபரிசீலனை செய் என்கிறது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு மருத்துவர் தன் ஊர் ஆஸ்பத்திரியில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேரைத்தான் பார்ப்பார். அவரை வைத்துச் சோதனை நடத்த முடியாது. நாடு முழுக்க யார் யாருக்கு அந்த நோய் என்பது புற்றுநோய்ப் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டின் வழியாக, மருந்துச் சோதனையில் சேர விருப்பமா என்று நோயாளியைத் தொடர்புகொள்ள வழி செய் என்கிறது மசோதா.

தனிநபர் மசோதாக்கள் வெள்ளிக்கிழமைதான் வரும். அன்று எம்.பி.க்கள் பெரும்பாலும் தொகுதிக்குப் போய்விடுவார்கள். எதிர்க்கிறவர் ஒருவர் நேரம் முடியும்வரை பேசியே மசோதாவைக் கொன்றுவிடலாம். பேச்சை நிறுத்தி வாக்கெடுப்புக்குப் போக 100 எம்.பி.க்கள் ஆதரிக்க வேண்டும். அதனால் நோயாளி அமைப்புகள் தங்கள் ஆதரவாளர்களிடம் சொன்னது ஒரே விஷயம்: உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள், 2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை, லண்டனில் இருக்கச் சொல்லுங்கள். மசோதா அன்று இரண்டாம் வாசிப்பைத் தாண்டியது. ஜூலையில் கீழவையையும் கடந்தது. இரக்கத்தைக் கேட்பதைவிட ஒரு வெள்ளிக்கிழமையைக் கேட்பது எளிது. கொடுக்கிறவருக்கும் எளிது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே மார்பகப் புற்றுநோய் அமைப்புகள் 1990-களின் தொடக்கத்தில் பணம் கேட்டபோது, ராணுவத்துக்கு ஒதுக்கிய தொகையை வேறு துறைக்கு மாற்றக் கூடாது என்று ஒரு சட்டத் தடுப்பு இருந்தது. செனட்டர் டாம் ஹார்கின், பணத்தை ராணுவத்தின் கணக்கிலேயே விட்டுவிட்டு அதை மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு என்று எழுதிவிட்டார். 1993 நிதியாண்டுக்கு 21 கோடி டாலர். ராணுவம் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு மானியம் கொடுக்கும் விசித்திரம் இன்றும் தொடர்கிறது. அங்கே விண்ணப்பங்களை மதிப்பிடும் மேஜையில் விஞ்ஞானிகளோடு நோயிலிருந்து மீண்டவர்களும் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறார்கள், வெறும் பார்வையாளர்களாக இல்லாமல். அரிய புற்றுநோய்களுக்கென்று அந்தத் திட்டத்தில் தனி வரி 2020-இல்தான் வந்தது, 75 லட்சம் டாலருடன். ஆனால் இந்தப் பணம் ஆண்டுக்கு ஆண்டு கேட்க வேண்டியது. 2025-இல் மொத்தத் திட்டமே 150 கோடியிலிருந்து 65 கோடி டாலராகச் சுருங்கியது. பல நோய்களின் தனி வரிகள் காணாமல் போயின.

அங்கே நோயாளிகள் தலைநகரத்துக்குப் போனால் பெரும்பாலும் செனட்டரைப் பார்ப்பதில்லை. உன்னைவிட ஐந்தாறு வயது மூத்த ஓர் உதவியாளர் கையில் குறிப்பேட்டுடன் வருவார். கால் மணி நேரம், சில சமயம் நடைவழியில் நின்றபடியே. பழகியவர்கள் செய்வது இவ்வளவுதான்: நான் இந்தத் தொகுதிக்காரர், என் வீட்டில் நடந்தது இது, உங்கள் சக உறுப்பினர் ஒருவர் நிதிக் குழுவுக்கு அனுப்பும் கூட்டுக் கடிதத்தில் உங்கள் தலைவர் இந்தத் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஒரு தாளைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள். மறுவாரம் நன்றி சொல்லி எழுதுவார்கள், கையெழுத்து விழுந்ததா என்றும் கேட்பார்கள்.

இதில் நீ சந்தேகப்பட வேண்டிய இடங்களும் இருக்கின்றன. நோயாளி அமைப்புக்கு மருந்து கம்பெனி பணம் கொடுக்கிறதா என்று முதலில் பார். கொடுத்தால் அது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அமைப்பு கேட்கும் பொருளும் கம்பெனி விற்கும் பொருளும் ஒன்றாக இருந்தால் ஜாக்கிரதை. இன்னொன்று, நன்றாகப் பேசத் தெரிந்த குடும்பம் இருக்கும் நோய்க்குப் பணம் போகும், இல்லாத நோய் பின்னால் நிற்கும். அரிய புற்றுநோய்களைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் கைவிரல் எண்ணிக்கை. ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாக வருபவற்றையெல்லாம் கூட்டினால் மொத்தப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. ஒரு நோயின் பெயரைச் சொல்லாமல் பொதுவாக எழுதிய ஆர்தரின் மசோதாவில் எனக்குப் பிடித்த விஷயம் அதுவும்தான்.

கல்லூரிப் பேச்சுக்கு இதையே எடுத்துக்கொள்வதாக இருந்தால் 2016 அறிக்கையிலிருந்து தொடங்கு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நோயாளிகளின் குடும்பங்கள் குழுவிடம் சொன்ன பகுதிகளை அவசரப்படாமல் படி. அப்புறம் 2018 மே அறிவிப்பையும் 2023 அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த மாதத்தில் எவ்வளவு சொன்னார்கள், எவ்வளவு வெளியே போனது என்று ஒரு தாளில் எழுது. தீபாவளிக்கு வரும்போது அதைக் கொண்டு வா. உன் பேராசிரியர் கேட்கக்கூடிய கேள்விகளை நான் கேட்கிறேன்.

அன்புடன்,
மாமா